சேவல் சண்டையும் ஓர் அடிக்குறிப்பும்

கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் எழுதிய பாலித் தீவு சேவல் சண்டைக் கட்டுரையை நான் முதலில் படித்தது 2009 வாக்கில். சமூகவியலோ மானுடவியலோ முறையாகப் படிக்காத பி.இ.காரனான என்னை இந்தப் பக்கம் இழுத்துவிட்டதே அந்த நாற்பது பக்கம்தான். அதற்கப்புறம் யாராவது "பண்பாட்டு ஆய்வுன்னா என்ன சார், எங்கிருந்து ஆரம்பிக்கறது?" என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

போன மாதம் மறுபடி எடுத்துப் படித்தேன். கட்டுரை முடியப்போகிற இடத்தில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. என் பழைய பிரதியில் அதே பக்கத்தில், அதற்கு மேலே உள்ள பத்தியில் பென்சில் கோடு போட்டு ஓரத்தில் "அருமை" என்றுகூட எழுதி வைத்திருக்கிறேன். அடிக்குறிப்பில் கோடு எதுவும் இல்லை. படித்துவிட்டுத் தாண்டினேனா, படிக்கவே இல்லையா, இப்போது சொல்ல முடியாது. இந்தப் பதிவு அந்த அடிக்குறிப்பைப் பற்றியது. ஆனால் கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1958 ஏப்ரல். கீர்ட்ஸும் அவர் மனைவியும் பாலியில் ஒரு கிராமத்துக்கு வந்து சேர்கிறார்கள். ஐந்நூறு பேர் இருக்கும் சின்ன ஊர். மலேரியா வேறு. ஊர்க்காரர்கள் விரோதமாக நடந்துகொள்ளவில்லை. அவர்கள் அங்கே இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பத்து நாள் கழித்து ஊர்ப் பொது இடத்தில் பெரிய சேவல் சண்டை. புதுப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் திரட்டுவதற்காக நடத்துகிறார்கள். சேவல் சண்டை சட்டப்படி குற்றம். மூன்றாவது ஆட்டம் நடக்கும்போது லாரி நிறையப் போலீஸ் வந்து இறங்குகிறது. எல்லோரும் ஓட, இவர்களும் ஓடுகிறார்கள். முன்னால் ஓடிய ஒருவர் ஒரு வீட்டு முற்றத்துக்குள் நுழைய, பின்னாலேயே இவர்களும். அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை பேசாமல் மேசையைப் போட்டு, விரிப்பு விரித்து, மூன்று நாற்காலி, மூன்று கோப்பைத் தேநீர் வைத்துவிடுகிறார். போலீஸ்காரர் உள்ளே வரும்போது மூவரும் ஏதோ ஆராய்ச்சி பற்றிப் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து ஊரே இவர்களிடம் பேசுகிறது. ஓடினதைப் போல நடித்துக் காட்டச் சொல்லி சிரிக்கிறது.

இப்படி ஆரம்பிக்கிற கட்டுரையை யார்தான் கீழே வைப்பார்கள்? அப்புறம் வரும் தகவல்கள் இன்னும் ருசி. சேவலின் காலில் கட்டும் கத்தி நாலைந்து அங்குலம் நீளம். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் நேரம் பார்க்கக் கடிகாரம் கிடையாது. ஓட்டை போட்ட தேங்காயைத் தண்ணீர் வாளியில் விடுவார்கள், அது மூழ்க சுமார் 21 விநாடி. பந்தயம் இரண்டு வகை. நடுவே சேவல்காரர்கள் இருவரும் தங்கள் கூட்டத்தோடு சேர்ந்து கட்டுவது ஒன்று. அது எப்போதும் சமத்துக்குச் சமம். சுற்றி நிற்கிறவர்கள் கத்திக் கூப்பாடு போட்டுத் தங்களுக்குள் கட்டுவது இன்னொன்று. அதில் பத்துக்கு ஒன்பதிலிருந்து இரண்டுக்கு ஒன்று வரை விகிதம் ஏறி இறங்கும். கீர்ட்ஸ் 57 ஆட்டங்களுக்குச் சரியான கணக்கு எழுதி வைத்திருக்கிறார். நடுப் பந்தயம் 15 ரிங்கிட்டிலிருந்து 500 வரை, சராசரி 85. (மலேசிய ரிங்கிட் இல்லை, அந்த ஊர்க் கணக்கு.) கூலியாளுக்கு அப்போது ஒரு நாள் சம்பளம் மூன்று ரிங்கிட். நடுப் பந்தயம் பெரிதாக ஆக, இரண்டு சேவலும் சமபலமாக இருக்கும்படி பார்த்துப் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள்; எது ஜெயிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாதபடி ஆக்கிவிடுவார்கள். எனக்கு அந்தப் பகுதியைப் படிக்கும்போது நல்ல ஒரு அல்காரிதத்தைப் பார்க்கிற சந்தோஷம்.

இவ்வளவு பணத்தை ஏன் ஒரு நாணயச் சுண்டலில் வைக்கிறார்கள்? பெந்தாம் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதியின் கணக்குப்படி இது முட்டாள்தனம். ஜெயித்தால் கிடைக்கும் இன்பத்தைவிடத் தோற்றால் வரும் துன்பம் அதிகம். கீர்ட்ஸ் சொல்லும் பதில், அங்கே பணயம் பணமே இல்லை, மானம். தன் பங்காளியின் சேவலுக்கு எதிராக ஒருவன் பந்தயம் கட்ட மாட்டான். வெளியூர்ச் சேவல் வந்தால் ஊரே ஒன்றாக நிற்கும். களத்தில் மோதுவது குலமும் ஊரும் அந்தஸ்தும். ஆனால் ஆட்டம் முடிந்தபிறகு யாருடைய அந்தஸ்தும் உண்மையில் மாறுவதில்லை. அப்படியானால் சேவல் சண்டை என்ன செய்கிறது? எதையும் செய்யவில்லை, சொல்கிறது என்கிறார். பாலிக்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே வாசித்துக்கொள்ளும் ஒரு பிரதி அது. மானுடவியலாளன் அவர்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அதை வாசிக்க முயல்கிறவன்.

என் பென்சில் கோடு இருப்பது இங்கேதான்.

இனி அடிக்குறிப்பு. 1965 டிசம்பரில் இரண்டே வாரத்தில் சுமார் இருபது லட்சம் மக்கள்தொகை உள்ள பாலியில் நாற்பதாயிரத்திலிருந்து எண்பதாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் அவர்களே ஒருவரையொருவர் கொன்றார்கள் என்று சொல்கிறார். சேவல் சண்டை பாலியைப் பற்றிச் சொல்வது வெறும் கற்பனை இல்லை என்பதற்கு இதைச் சாட்சியாக வைக்கிறார். உடனே ஜாக்கிரதையாக, சேவல் சண்டைதான் காரணம் என்றோ, அதை வைத்து இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்றோ நினைப்பது அபத்தம் என்றும் எழுதுகிறார். பாலியை நடனம், சிற்பம், நிழற்கூத்து வழியாக மட்டும் பார்க்காமல் சேவல் சண்டை வழியாகவும் பார்த்தால், அந்தப் படுகொலை இயற்கைக்கே முரணான ஒன்றாகத் தோன்றாது. அதன் கொடூரம் மட்டும் குறையாது. அவ்வளவுதான் அவர் சொல்வது.

கவனமான ஆள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் இருபத்தைந்து பேரில் ஒருவரோ ஐம்பது பேரில் ஒருவரோ இரண்டு வாரத்தில் செத்துப்போன ஒரு நிகழ்ச்சி, அந்த மக்களைப் பற்றிய உலகப் புகழ்பெற்ற கட்டுரையில் சின்ன எழுத்தில் பக்கத்துக்கு அடியில் வருகிறது. அதுவும் சேவல் சண்டைக்குச் சாட்சி சொல்ல வருகிறது!

அந்த டிசம்பரில் என்ன நடந்தது என்று ஜெஃப்ரி ராபின்சன் 1995-ல் ஒரு புத்தகம் எழுதினார். பாலியின் அரசியல் வன்முறை பற்றிய வரலாறு. அதைப் படிக்கும்போது சேவல் எங்கேயும் தேவைப்படவில்லை. நிலம்தான் வருகிறது. 1960-ல் இந்தோனேசியாவில் வேளாண் நிலச் சட்டமும் குத்தகைப் பங்குச் சட்டமும் வருகின்றன. உச்சவரம்புக்கு மேலே உள்ள நிலத்தைப் பிரித்துக் கொடு, குத்தகைக்காரனுக்குச் சரியான பங்கு கொடு என்று கம்யூனிஸ்ட் கட்சியின் விவசாயிகள் அமைப்பு இறங்குகிறது. நிலக்காரர்கள் பெரும்பாலும் தேசியக் கட்சியான பி.என்.ஐ. பக்கம் போகிறார்கள். அரசாங்க வேலை, பதவி எல்லாவற்றிலும் இரண்டு தரப்பும் மோதிக்கொள்கின்றன. 1965 அக்டோபர் முதல் தேதி ஜகார்த்தாவில் ஜெனரல்கள் கொல்லப்பட்டு, ராணுவம் கம்யூனிஸ்டுகளை நாடு முழுக்க வேட்டையாட ஆரம்பிக்கிறது. முக்கியமான இடம் இதுதான்: அக்டோபரிலும் நவம்பரிலும் பாலியில் கைகலப்பு இருந்தது, ஆனால் பெரும் படுகொலை இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஜாவாவிலிருந்து ராணுவத்தின் அதிரடிப் படை வந்து இறங்கியபிறகுதான் அது நடக்கிறது. பட்டியல், லாரி, ஆயுதம், கட்சியின் அடியாள் படை, எல்லாம் ஒழுங்காக ஏற்பாடு செய்யப்பட்டவை.

"அவர்களே ஒருவரையொருவர் கொன்றார்கள்" என்பது பொய் இல்லை. கத்தியைப் பிடித்த கை பல இடங்களில் பக்கத்து வீட்டுக்காரன் கைதான். ஆனால் அந்த வாக்கியத்தில் லாரி இல்லை. மேலே பார்க்க அமைதியான ஜனம், உள்ளுக்குள் வெறி, ஒருநாள் வெடித்தது என்ற விளக்கம் அடுத்த முப்பது வருஷம் ஆண்ட சுஹார்த்தோ அரசுக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். கீர்ட்ஸ் அதற்காக எழுதவில்லை. ஆனால் அந்த அடிக்குறிப்பை அவர்கள் மறுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இத்தனை கூர்மையான ஆளுக்கு இது எப்படி நேர்ந்தது? அவருடைய மனசாட்சியைத் தோண்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. அவர் கற்ற கோட்பாட்டில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கீர்ட்ஸ் படித்தது ஹார்வர்டில், டால்காட் பார்சன்ஸ் முன்னின்று 1946-ல் உருவாக்கிய சமூக உறவுகள் துறையில். சமூகவியல், மானுடவியல், உளவியல் மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்த துறை. பார்சன்ஸ் மனிதச் செயலை மூன்று அமைப்புகளாகப் பிரித்தார்: ஆளுமை, சமூகம், பண்பாடு. ஆளுமை உளவியலுக்கு. யார் யாரோடு எப்படி உறவு, யாருக்கு என்ன அதிகாரம் என்பது சமூகவியலுக்கு. குறியீடுகள், அர்த்தங்கள் மானுடவியலுக்கு. பாலியில் கீர்ட்ஸ் போலீசுக்குப் பயந்து ஓடிய அதே 1958-ல் பார்சன்ஸும், அன்றைய அமெரிக்க மானுடவியலின் பெரியவர் க்ரோபரும் சேர்ந்து ஒரு சின்னக் குறிப்பு வெளியிட்டார்கள். இனிமேல் பண்பாடு என்ற சொல்லை அர்த்தங்களுக்கும் குறியீடுகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்வோம், உறவுகளின் அமைப்புக்குச் சமூகம் என்போம் என்பது அதன் சாரம். பாகப் பிரிவினைப் பத்திரம் மாதிரி இருக்கும்.

எங்கள் தொழிலில் இதை நாங்கள் தினமும் செய்கிறோம். ஒரு பெரிய மென்பொருளை மாட்யூல் மாட்யூலாகப் பிரித்து மூன்று டீமுக்குக் கொடுப்போம். பிரிக்காமல் எதையும் கட்ட முடியாது. ஆனால் இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடுகிற பிழை பெரும்பாலும் எந்த மாட்யூலுக்குள்ளும் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும். ஒவ்வொரு டீமும் தன் பகுதியைத் திறந்து காட்டி "எங்ககிட்ட எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லும். அதுவும் உண்மையாகவே இருக்கும்.

பார்சன்ஸின் பிரிவினையே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆடம் கூப்பர் 1999-ல் எழுதிய நூலில் அமெரிக்க மானுடவியலின் பல சிக்கல்களுக்கு இந்தப் பாகப் பிரிவினையைக் காரணம் காட்டுகிறார். எனக்குப் பாதிதான் உடன்பாடு. ஏனென்றால் இதே பிரிவினையை வைத்து கீர்ட்ஸே ஓர் அபாரமான கட்டுரை எழுதியிருக்கிறார், 1957-ல். சேவல் கட்டுரையைப் படித்தவர்களில் பத்தில் ஒருவர்கூட அதைப் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

அது ஜாவாவில் ஒரு சாவு பற்றியது. 1954, ஒரு சின்ன நகரம். பத்து வயதுப் பையன் திடீரென்று இறந்துபோகிறான். மாமா வீட்டில் வளர்கிறவன். ஜாவாவில் சாவு வீடு என்றால் வேகமாக, அமைதியாக முடிந்துவிடும். அக்கம்பக்கத்தார் வந்துவிடுவார்கள், மதச் சடங்கு செய்கிற அலுவலர் வந்து உடலைக் குளிப்பாட்டச் சொல்லி, தொழுகை நடத்தி, சில மணி நேரத்தில் அடக்கம் செய்து, ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து சடங்கு விருந்து சாப்பிடுவார்கள். பெரிதாக அழக்கூடாது என்பது வழக்கம். இங்கே அலுவலர் வருகிறார், கதவுக்கு மேலே ஒட்டியிருந்த கட்சிச் சுவரொட்டியைப் பார்க்கிறார். இஸ்லாமியக் கட்சிக்கு எதிர்க்கட்சி அது. உங்கள் சடங்கு எனக்குத் தெரியாது, என்னால் செய்ய முடியாது என்று கிளம்பிவிடுகிறார். மாமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உடல் வீட்டில் கிடக்கிறது. வந்தவர்கள் இரண்டு கூட்டமாக, ஒன்றும் செய்யாமல் நிற்கிறார்கள். வழக்கத்துக்கு மாறாகப் பெண்கள் ஓவென்று அழ ஆரம்பிக்கிறார்கள். கடைசியில் எதிர்த்தரப்பு ஆள் ஒருவரே முன்வந்து, பையனின் அப்பா வெளியூரிலிருந்து வந்து சம்மதம் சொல்லி, எப்படியோ அடக்கம் நடக்கிறது.

கீர்ட்ஸ் கேட்கிறார்: ஏன் இந்தச் சடங்கு முறிந்தது? நம்பிக்கை போய்விட்டதா? இல்லை, எல்லோருக்கும் அதே சடங்குதான் வேண்டியிருந்தது. சமூகம் சிதைந்துவிட்டதா? அதுவும் இல்லை, கட்சி வழியாகப் புது உறவுகள் பலமாகவே உருவாகிக்கொண்டிருந்தன. சடங்கு சொல்லும் அர்த்தம், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒன்று என்ற கிராமத்து அர்த்தம். உறவுகள் ஓடுவதோ கட்சி வழியில், நகரத்து வழியில். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து ஒரு பிணத்தின் முன்னால் முட்டிக்கொள்கின்றன. பண்பாட்டையும் சமூகத்தையும் ஒன்றாகவே பார்த்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. இரண்டு மீட்டர் இருந்ததால்தான் அவை காட்டும் எண் பொருந்தவில்லை என்பது தெரிந்தது.

1957-க்கும் 1972-க்கும் நடுவில் கீர்ட்ஸ் ஒரு மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டார். இதுதான் என் குற்றச்சாட்டு. பிரித்தது பிசகில்லை, பிரித்தபின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனதுதான் பிசகு. 1954-ல் ஜாவாவில் ஒரு சாவு வீட்டுக் கதவில் கட்சிச் சுவரொட்டியைக் கவனித்தவர், பாலிச் சேவற்களத்தைச் சுற்றி நின்றவர்களில் யார் எந்தக் கட்சி, யார் யாருக்குக் குத்தகை என்று அந்தக் கட்டுரையில் சொல்லவில்லை. பங்காளி, ஊர், அந்தஸ்து மட்டும்தான் வருகின்றன. அவை காலம் காலமாக அப்படியே இருக்கும் விஷயங்கள் மாதிரி வருகின்றன.

"அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு சேவல் சண்டை, படுகொலை இல்லையே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் படுகொலையை உள்ளே இழுத்தது நான் இல்லை, அவர்தான். இரண்டாவது, சேவல் சண்டைக்கேகூட இந்தக் குறை பொருந்தும். 1908-ல் டச்சுக்காரர்கள் வருவதற்கு முன் சேவலோடு களத்துக்கு வருவது ஆண்களுக்குக் கடமை, சந்தை நாளில் நடக்கும் ஆட்டத்துக்கு வரி, அந்த வரி ஊருக்குப் பெரிய வருமானம், சிற்றரசர்கள் புரவலர்கள் என்று அவரே போகிறபோக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். வில்லியம் ரோஸ்பெரி 1982-லேயே இதைப் பிடித்துவிட்டார்: அரசும் வரியும் சந்தையும் சேர்ந்து உருவாக்கிய ஒன்றை, அது எப்படி உருவானது என்று கேட்காமல் எழுதி முடித்த பிரதியாக வாசிக்கிறீர்களே என்று. வின்சென்ட் கிரபன்சானோவின் விமர்சனம் வேறு; கட்டுரை முழுக்கப் "பாலிக்காரர்" வருகிறார், தனக்கு இந்த ஆட்டம் என்ன பொருள் என்று சொல்லும் ஒரு தனி ஆள்கூட வரவில்லை என்கிறார். இரண்டில் ரோஸ்பெரியின் கேள்விதான் எனக்குக் கனமாகப் படுகிறது.

குறுந்தொகையில் குப்பைக்கோழியார் என்றே பெயர் பெற்ற புலவர் ஒருவர் இருக்கிறார். ஏவி விடுபவரும் இல்லாமல், நடுவே புகுந்து விலக்குபவரும் இல்லாமல் குப்பைமேட்டில் தானே சண்டையிடும் கோழிகளை ஓர் உவமையாக்கியவர். கீர்ட்ஸின் அடிக்குறிப்பில் பாலி மக்கள் எனக்கு அந்தக் குப்பைக்கோழிகளாகத்தான் தெரிகிறார்கள். ஏவி விட்டவர்கள் இருந்தார்கள், ஜாவாவிலிருந்து வந்தார்கள்.

எதிர்ப்பக்கமும் ஓர் ஆபத்து இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ராபின்சனை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாம் நிலம், எல்லாம் ராணுவம் என்று முடித்தால், மூன்று ரிங்கிட் கூலி வாழ்க்கை நடக்கும் ஊரில் ஐந்நூறு ரிங்கிட்டைச் சேவல் மேல் வைக்கிற மனுஷன் புரியாமலே போய்விடுவான். கீர்ட்ஸ் அவனைப் புரியவைத்தார். ஜெஃப்ரி அலெக்ஸாண்டர் போன்ற சமூகவியலாளர்கள் கீர்ட்ஸை முன்னோடியாக வைத்து, பண்பாட்டுக்கென்று தன்னாட்சி உண்டு, அதை வர்க்கமாகவும் அதிகாரமாகவும் கரைத்துவிடாதீர்கள் என்று வாதாடுவது இதனால்தான். தன்னாட்சி சரி. ஆனால் தன்னாட்சி உள்ள இரண்டு அமைப்புகள் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று பார்க்கும் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. ஜாவாச் சாவு வீட்டில் கீர்ட்ஸ் செய்தது அதைத்தான்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று கேட்டால், காரணம் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினேன். கீர்ட்ஸ் பாணி, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வாசிக்கும் முயற்சி. காப்புக் கட்டு, முளைப்பாரி, சப்பரம் எல்லாம் உண்டு. பள்ளிக்கூடத்து முக்கில் சப்பரம் மூன்று முறை ஆடிவிட்டுத் திரும்பும். அதை எல்லையைக் குறிக்கும் அசைவு என்று ஒரு பக்கத்துக்கு வியாக்கியானம் செய்திருந்தேன். என்னோடு எட்டாவது வரை படித்தவன் ஒருவன், எலெக்ட்ரீஷியன், திருவிழாவுக்கு சீரியல் லைட் போடுகிறவன், போனில் முழுக்கப் படித்துவிட்டுச் சொன்னான்: "நல்லாத்தான் எழுதியிருக்கடா. சப்பரம் எப்படித் திரும்புதுன்னு எழுதியிருக்க. அதுக்கு அந்தப் பக்கம் எங்க தெரு இருக்குன்னு எழுதலையே."

அன்றைக்கு அவனிடம் ஏதோ சமாளித்தேன். கட்டுரையின் எல்லை, அணுகுமுறை என்று. அவன் சிரித்துவிட்டு டீ சொன்னான்.

அந்த நோட்டை இப்போது திரும்ப எடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் தெரு வரைபடம், முக்கும் அதற்கு அந்தப் பக்கமும் சேர்த்து. கோயிலைச் சுற்றி உள்ள நிலம் எந்த வருஷம் யார் பெயரில் இருந்தது என்று பார்க்க 'அ' பதிவேட்டு நகல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவனும் கூட வருகிறேன் என்றான்.